அரைப்பேர்

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி.
மேசையில் விரித்த தாள்
வியர்த்த முழங்கையோடு ஒட்டிக்கொண்டு எழும்புகிறது.
முப்பத்திரண்டு பாகை வெயிலில்
குளிருக்கு ஒரு குளம் வரைகிறேன்.

கேட்டவள் நுவரெலியாவில் இருக்கிறாள்.
சந்தனமேரி. பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாள்.
பதினொரு பேர்ச் வாங்கியிருக்கிறாள்,
உறுதியில் அவள் பெயர் மட்டும்.
"வீட்டுக்குப் பின்னால மீன் வளரணும் மிஸ்,
மீன் தண்ணியில கீரை வளரணும்."
பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்து,
"பாக்க அழகாவும் இருக்கணும்."

கடைசி வசனத்தை நான் குறித்துக்கொள்ளவில்லை.
நீலப் பீப்பாய் இரண்டு, பிவிசி குழாய், சின்ன பம்ப்.
செலவு குறைவு. அனுப்பிவிட்டேன்.
நாலு நாள் கழித்துப் பதில்:
"பீப்பாய் எங்க லயத்திலயும் இருந்திச்சி மிஸ்.
வரிசையில நின்னு தண்ணி பிடிக்க."

தாளைப் பின்பக்கம் திருப்பினேன்.

இந்தமுறை குளம் மண்ணுக்குள் இறங்கியது, மூன்றரை அடி.
மேலே புல்லில் பனி உறைந்தாலும்
அடிமண் தன் சூட்டைச் சுலபத்தில் கைவிடாதாம்.
சுவருக்குப் பின்னே ரெஜிபோம் பலகை.
விளிம்பு நேராக இல்லை, ஒரு பக்கம் இடுப்பு ஒடித்து வளைகிறது,
அவள் காணியில் கிண்டியெடுத்த கல்லால் கட்ட.
கல்லுக்கு மேலே சரளைப் படுக்கை,
அதில் லீக்ஸ், சலாது,
விளிம்பைத் தாண்டித் தொங்க நீர்க்கீரை.
வெயில் நன்றாக விழும் மூலையில் வைத்தேன்.
"குசினி ஜன்னலுக்குத் தெரியுமா?" என்றாள்.
தெரியாது.
ஆறடி நகர்த்தினேன், ஒரு மணித்தியால வெயில் போயிற்று.
போகட்டும்.

ஆனால் எனக்குக் குளிர் தெரியாது.
ஃப்ரிட்ஜைத் திறந்தால் கால்விரலில் விழுமே,
நான் அறிந்தது அவ்வளவுதான்.
ஆகவே கெண்டைக் குஞ்சு இரண்டு வாங்கி
பல்கனியில் கண்ணாடித் தொட்டியில் விட்டு,
மீன்கடை நிஸ்தாரிடம் ஐஸ் வாங்கினேன்.
"மீன் செத்த பிறகுதானே ஐஸ் போடுறது?" என்றார்.
பொலித்தீனில் கட்டி மிதக்கவிட்டேன், மெல்ல மெல்ல,
ஓர் இரவு முழுக்க.
விடியப்புறம் பதினாறு பாகை.
இரண்டும் அடியில் போய் அருகருகே நின்றன,
செவுள் மட்டும் எப்போதாவது.
போட்ட தீனி
மேலே அப்படியே கிடந்து ஊறியது.
மின்விசிறிக்குக் கீழே இருந்தும் எனக்கு நடுங்கியது.

தாளின் ஓரத்தில் எழுதினேன்:
மார்கழி, தையில் தீனி பாதி.
மீன்கழிவைச் செடிக்கு உரமாக்கும் கிருமிகள்
சரளைக்குள் குடியேற இங்கே ஆறு கிழமை போதும்,
அங்கே மூன்று மாதமும் ஆகலாம்.
குளிரில் அவை மெதுவாகத்தான் வேலை செய்யும்.

அழைத்தாள். வாசித்துவிட்டாளாம். சிரிக்கிறாள்.
"அம்மாவுக்குக் கொழுந்து குறைஞ்ச நாள்
அரைப்பேர்தான் போடுவாங்க மிஸ்.
குளிர்னு சொன்னா கணக்கப்பிள்ளை கேக்க மாட்டாரு.
இதுகளுக்கு நான் முழுப்பேர் போடுறேன்.
மெதுவாவே செய்யட்டும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்,
கறண்ட் போனது. விசிறி நின்றது.
தொட்டியின் காற்றுக்குழாயும் நின்றுவிட
ஒரு கையில் தொலைபேசி,
மறு கையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே நின்றேன்
முக்கால் மணித்தியாலம்.
அவளும் வைக்கவில்லை.

குளம் கட்டி, தண்ணீர் நிரப்பி,
மூன்று மாதம் எதுவும் செய்யாமல் பார்த்திருந்தாள்.
நேற்று: "இப்ப கொண்டாங்க மிஸ்."

கோட்டை ரயில் நிலையம். மடியில் மூடி துளைத்த வாளி,
உள்ளே இரண்டும் விரலளவு தாண்டி வளர்ந்து.
ஐஸ் தேவையில்லை.
ஏறுகிற ஒவ்வொரு மேட்டிலும்
தண்ணீர் தானாகக் கொஞ்சம் கொஞ்சம் குளிரும்,
நானுஓயா வரும்போது இவற்றுக்குப் பழகிவிடும்.
எனக்குத்தான், மேடைக்கு வெளியே நடைபாதையில் வாங்கிய
ஊதா ஸ்வெட்டர்,
விலைச்சீட்டுக் கூட இன்னும் கழற்றவில்லை.

வெப்பமானியை இறக்கிப் பார்க்கிறேன்.
இருபத்தொன்பது.
ரயில் இன்னும் நகரவில்லை.